பச்சை டிக் விழுந்த பக்கம்

போன மாதம் ஒரு மத்தியானம் ரேவதி போனில் கூப்பிட்டார். பத்து வருடங்களுக்கு முன்பு மதுரையில் எங்கள் மாலைப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். இப்போது ஓர் இணையச் செய்தி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல ஒரு விளக்கு வச்சிருக்காங்க. அஞ்சு நிமிசம் டைப் அடிக்கலைன்னா மஞ்சளாயிருது. உடனே மேல இருக்கவரு 'ரேவதி, இருக்கீங்களா?'ன்னு மெசேஜ் போடுறாரு. யோசிக்கணும்னாக்கூட எதையாவது அடிச்சுக்கிட்டேதான் யோசிக்க வேண்டியிருக்கு."

"என்னத்த அடிக்கிறீங்க?"

"உங்க பேரைத்தான். முந்தாநாள் ஒரு பக்கம் முழுக்க அடிச்சேன்."

முப்பத்தோரு வருடம் பத்திரிகையில் இருந்தும் என் பெயர் இவ்வளவு பெரிதாக எங்கும் வந்ததில்லை. நன்றி சொன்னேன்.

"நம்ம இருளாண்டி அண்ணன் விசயத்தை எழுதுங்கண்ணே. எங்க ஆபீஸ் குரூப்ல போடணும்" என்றார்.

"போடறதுக்கு அனுமதி வாங்கியாச்சா?"

ரேவதி சட்டென்று போனை வைத்துவிட்டார். விளக்கு மஞ்சளாகியிருக்க வேண்டும்.

இருளாண்டி எங்கள் அச்சகத்தில் மெஷின்மேன். கேட்காமல் ஒரு பொத்தானை அழுத்தியதற்காக அவருடைய வேலை ஒரு வாரம் அந்தரத்தில் தொங்கியது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் பங்கு அதில் பெருமைப்படும்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்து, உதவி ஆசிரியராகி, கடைசியில் தலைமை உதவி ஆசிரியரானேன். சேர்ந்த முதல் வாரத்தில் அப்போதைய ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எது தப்பா வந்தா வாசல்ல வந்து செருப்பால அடிப்பாங்க?" அவரே பதிலும் சொன்னார்: "பேரு, படம், சாவு. இந்த மூணையும் ரெண்டு தடவை பாரு. மத்ததுல உன் இஷ்டம்." என் பயிற்சி அத்துடன் முடிந்தது. அவர் இருந்த வரை பத்திரிகையில் தப்பு வராமல் இல்லை. வந்த தப்பு யாருடையது என்று தெரிந்தது. செய்தவர் அடுத்த முறை செய்யவில்லை.

அவருக்குப் பிறகு சில காலம் கழித்து வந்தவர்தான் இந்தக் கதையில் வரும் பொறுப்பாசிரியர். சட்டை எப்போதும் வெள்ளை. பையில் இரண்டு பேனா, இரண்டும் பச்சை மை. மேசையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். காலை எட்டு நாற்பதுக்கு வருவார். வந்ததும் மேசைகளின் மேல் இருக்கும் தண்ணீர் பாட்டில்களை ஒரே பக்கமாகத் திருப்பி வைப்பார். கெட்டவர் இல்லை. எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது அவரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டருக்கு என்ன மாத்திரை எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. முன்பு வேலை பார்த்த ஊரில் உதவியாளர் ஒருவர் செய்த தப்புக்காக இவரை எல்லோர் முன்னாலும் அரை மணி நேரம் நிற்க வைத்தார்களாம். "அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமில்ல சார்" என்று ஒரு நாள் சொன்னார். அவர் தூங்காததற்கு நாங்கள் பத்துப் பேர் விழித்திருந்தோம்.

அவர் கொண்டுவந்த முறை இது. எங்களுடையது மாலைப் பத்திரிகை என்பதால் பக்கங்கள் பகல் பன்னிரண்டே காலுக்குத் தயாராகும். ஒரு மணியை ஒட்டி மெஷின் ஓடும். பக்கத்தின் நகலில் அவர் பச்சைப் பேனாவால் டிக் போடுவார். வெளியே இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் பச்சை டிக் வரும். டிக் விழுந்த பிறகு ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக்கூடாது. தொட வேண்டுமென்றால் மறுபடி டிக் வாங்க வேண்டும். டிக் விழுந்ததிலிருந்து மெஷின் ஓடும் வரை குழுவில் அவரைத் தவிர யாரும் எழுதக்கூடாது, குழப்பம் வரும். முதல் பக்கத்துக்கு எந்தப் படம், எந்த அளவில், எங்கே வெட்டுவது என்பதை அவரே முடிவு செய்வார். முகம் தெரியாத படம் முதல் பக்கத்தில் வரக்கூடாது. லீவு லெட்டர்கூட டிக் இல்லாமல் மேலே போகாது. அதிலும் ஸ்கேல் வைத்து ஓரம் அளப்பார்.

நிருபர்களுக்குத் தனி விதி. கிளம்பினால் ஒரு மெசேஜ், போய்ச் சேர்ந்தால் ஒன்று, ஆளைப் பார்த்தால் ஒன்று. கேள்விகளை முன்னாலேயே அனுப்பி டிக் வாங்க வேண்டும். ரேவதி ஒரு பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குப் போனார். கேலரியில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து பொறுப்பாசிரியரின் மெசேஜ்கள். காளை எந்த ஊர்? என்ன நிறம்? கொம்பு எப்படி? எத்தனை நொடி நின்றது? ரேவதி குனிந்தபடி பதில் அடித்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் "என்னாச்சுண்ணே?" என்று கேட்டிருக்கிறார்.

"இம்புட்டு நேரம் நீ எங்கம்மா இருந்த? இதுக்குத்தான ஊரே வந்திருக்கு" என்றாராம் அவர்.

முதல் பரிசு வாங்கிய காளை அப்போதுதான் போயிருந்தது.

பக்கம் வடிவமைக்கும் மகேஷ் முதல் வருடம் கொஞ்சம் சண்டை போட்டார். படத்தைப் பெரிதாக்கலாம், தலைப்பை இறக்கலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் வருடம் நிறுத்திவிட்டார். நான் ஒரு முறை, "இந்தப் படம் இங்க நல்லாவா இருக்கு?" என்று கேட்டேன்.

"என்கிட்ட ஏண்ணே கேக்குறீங்க? நான் மவுஸு. கை அவரோடது."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கவலை வந்திருக்காது. நிம்மதியாகச் சொன்னார். மேலே இருப்பவர் எல்லாவற்றையும் பார்ப்பார் என்று ஆனபிறகு கீழே இருப்பவர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். அது சோம்பல் அல்ல. கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. ரேவதி இப்போது என் பெயரைப் பக்கம் பக்கமாக அடிப்பதும் அதே கதைதான்.

எனக்கும் ஆனது. குடிநீர் வராது என்ற அறிவிப்பு ஒன்றில் 'நாளை புதன்கிழமை' என்று வந்திருந்தது. மறுநாள் வியாழன். டிக் விழுந்த பிறகு பார்த்தேன், திருத்தினேன். சாயங்காலம் மெமோ வந்தது. போய்க் கேட்டேன்.

"மறுநாள் வியாழக்கிழமைதானே சார்?"

"ஆமா."

"அப்ப நான் செஞ்சதுல என்ன தப்பு?"

"திருத்துனது சரிதான் சார். கேக்காம திருத்துனீங்க பாருங்க, அதான் தப்பு. இன்னைக்கு நீங்க சரியாத் திருத்துவீங்க. நாளைக்கு உங்களப் பாத்து இன்னொருத்தன் தப்பாத் திருத்துவான்."

வாதத்தில் ஓட்டை இல்லை. அன்றிலிருந்து டிக் விழுந்த பக்கத்தை நான் படிப்பேன்; கையைக் கட்டிக்கொண்டு படிப்பேன்.

நடந்த நாள் ஒரு திங்கட்கிழமை. ஆனையூரில் ஓர் அம்மாவின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடியவனை, அந்தத் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த செல்வம் என்பவர் விரட்டிப் பிடித்து போலீசில் ஒப்படைத்தார். ரேவதி ஸ்டேஷன் வாசலில் எடுத்த படம் நன்றாக இருந்தது. நடுவில் திருடன், தலையோடு துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தார்கள். இரண்டு பக்கமும் போலீஸ். வலது ஓரத்தில் செல்வம், சட்டை கிழிந்து, முழங்கையில் ரத்தத்தோடு, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ரேவதி படத்தின் கீழே தெளிவாக எழுதி அனுப்பியிருந்தார்.

பொறுப்பாசிரியருக்கு அன்று சென்னையில் கூட்டம். காரில் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டே போனில் பக்கத்தைச் சரி செய்தார். தலைப்பில் இரண்டு எழுத்தைக் குறைத்தார். படத்தின் மேல் விரலால் பச்சையில் ஒரு கட்டம் போட்டு, அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் போடச் சொன்னார். முகம் தெரியாத படம் முதல் பக்கத்தில் வரக்கூடாதல்லவா? துண்டு போட்ட தலையை விட்டுவிட்டு, முகம் நன்றாகத் தெரிந்த ஆளைக் கட்டத்துக்குள் அடைத்திருந்தார். படத்தின் கீழே ரேவதி எழுதியது நீளம் என்று அடித்துவிட்டு 'பிடிபட்டவர்' என்று ஒரே வார்த்தை போட்டார். மகேஷ் கட்டத்தின்படி வெட்டி வைத்தார். பச்சை டிக் வந்தது. 'ஓகே. விமானம் ஏறுகிறேன். யாரும் எதையும் தொட வேண்டாம்.'

நான் பக்கத்தைப் பார்த்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன். 'ஆனையூரில் சங்கிலி பறித்தவர் சிக்கினார்' என்ற தலைப்பின் கீழே கிழிந்த சட்டையோடு செல்வம்.

பொறுப்பாசிரியருக்கு நான்கு முறை போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிறகு என் போன் அடித்தது. ரேவதி.

"அண்ணே, குரூப்ல பக்கத்தைப் பாத்தேன். அது செல்வம்ணே! புடிச்சுக் குடுத்த ஆளு!"

"தெரியுதும்மா."

"அப்ப மாத்துங்கண்ணே."

"டிக் வந்துருச்சு. அவரு போன் ஆஃப்ல இருக்கு."

ரேவதி, "சரிண்ணே" என்றார். நான் சொன்ன காரணம் அவருக்கும் காரணமாகவே பட்டது. எங்கள் அலுவலகத்தில் அது வேலைசெய்த அழகு அப்படி.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. எங்கள் அச்சகம் கட்டடத்தின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கூடம். மெஷின் ஓடினால் மேலே எங்கள் மேசைகள் லேசாக அதிரும். பொறுப்பாசிரியர் சேர்ந்த புதிதில் ஒரு முறை அங்கே போனார். சட்டையில் மை பட்டது. அதற்குப் பிறகு போகவில்லை. அதனால் அங்கே மட்டும் விதி எதுவும் போய்ச் சேரவில்லை.

ஒரு மணி ஆறு நிமிடத்துக்கு அதிர்வு நின்றது. இறங்கி ஓடினேன். இருளாண்டி கையில் ஒரு பிரதியை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"மை போட்டுட்டு இப்பத்தாண்ணே ஒண்ண உருவிப் பாத்தேன். இது செல்வம்ல? எங்க வீட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுனவரு. இவரா செயின அத்தாரு?"

"இல்ல. புடிச்சுக் குடுத்தவரு."

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முப்பத்தெட்டுல இருந்து."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கழிவுத் துணியில் கையைத் துடைத்தார். "சரி, இந்தப் பக்கத்துக்கு வேற பிளேட் குடுங்க. இல்ல அதுக்கும் ஆரையாச்சும் கேக்கணுமா?"

மேலே ஓடி மகேஷிடம் முழுப் படத்தையும் வைக்கச் சொன்னேன். "எழுதிக் குடுங்கண்ணே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 'என் பொறுப்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆறே நிமிடத்தில் பக்கம் தயாரானது. நான் காத்திருந்தது இருபத்தெட்டு நிமிடம்.

ஆனால் முதலில் விழுந்த இரண்டு கட்டுகள் திருமங்கலம் பஸ்ஸில் ஏறியிருந்தன. வெளியூர்க் கட்டுதான் எப்போதும் முதலில் போகும். அங்கே எங்கள் முகவர் சாப்பிடும்போது போனை எடுக்காதவர். மகேஷின் பைக்கில் நானே போனேன். பஸ் நிலையத்தில் முகவர் கட்டைப் பிரித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நீங்களே வந்துட்டீக? பேப்பர்ல எதுவும் வெவகாரமா?"

எண்ணிப் பார்த்தோம். ஒன்பது பிரதி குறைந்தது.

மறுநாள் காலை ஒன்பதில் ஒன்று எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. செல்வம் கொண்டுவந்தார். அவருடைய மகளுக்குத் திருமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள், வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளையின் மாமா டீக்கடையில் பேப்பர் வாங்கியிருக்கிறார். முழங்கையில் கட்டுப் போட்டிருந்த செல்வம், பேப்பரை என் மேசைமேல் விரித்தார். பொறுப்பாசிரியரும் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

"அச்சடிக்கிறதுக்கு முந்தி இதை ஆரு பாத்தது?" செல்வம் கத்தவில்லை.

"நான் பாத்தேன்" என்றார் பொறுப்பாசிரியர். அதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்புறம்?"

"நான்" என்றார் மகேஷ்.

"நானும் பாத்தேண்ணே" என்றார் ரேவதி.

செல்வம் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

"நாலு பேரு பாத்திருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவாய்யா தெரியல?"

"தெரிஞ்சது" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா திட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

அன்றைய முதல் பக்கத்தில் செல்வத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டோம். நான் 'தவறு செய்துவிட்டோம்' என்று எழுதியதைப் பொறுப்பாசிரியர் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று மாற்றினார். அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு நானும் ரேவதியும் திருமங்கலம் போய் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பேசினோம். "நேர்ந்துச்சுன்னா? மழை பேஞ்ச மாதிரியா?" என்று கேட்டார் அந்த மாமா. "இல்லங்க, நாங்க செஞ்சோம்" என்றேன். வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது நியாயம்.

பொறுப்பாசிரியர் அந்த வாரம் இரண்டு காரியம் செய்தார். அச்சகத்திலும் டிக் இல்லாமல் மெஷினை ஓட்டவோ நிறுத்தவோ கூடாது என்று விதி போட்டார். இருளாண்டிக்கு மெமோ கொடுத்தார். 'யாருடைய அனுமதியுடன் இயந்திரத்தை நிறுத்தினீர்கள்?' அனுமதி இல்லாமல் நிறுத்தியது உறுதியானால் வேலை நீக்கம். முடிவு முதலாளியுடையது.

இருளாண்டி மெமோவை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"ரெண்டு வருசந்தான்ணே இருக்கு. இந்த மெஷினோடயே ஓஞ்சிரலாம்னு இருந்தேன். ஆரு அனுமதின்னு கேட்டா என்னத்தண்ணே எழுதுறது? மூஞ்சி தப்பா இருந்துச்சு, நிறுத்துனேன்."

நான் ஒரு தாளை எடுத்து அவருக்காக எழுதினேன். 'தலைமை உதவி ஆசிரியரின் அனுமதியுடன் நிறுத்தினேன்.'

படித்துப் பார்த்தார். "நீங்க அனுமதி குடுக்கலையேண்ணே?"

"இப்பக் குடுக்குறேன்."

"நாலு நாள் கழிச்சா?"

"நம்ம ஆபீஸ்ல எந்த அனுமதி நேரத்துக்கு வந்துச்சு?"

முதலாளிக்குப் போகும் எந்தக் கடிதமும் பொறுப்பாசிரியரின் பச்சைப் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு, பக்கங்களின் நகல்கள் அவர் மேசையில் குவிந்திருக்கும் நேரத்தில், அந்தத் தாளையும் நடுவில் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். ஸ்கேல் வைத்து ஓரம் அளந்தார். 'நிறுத்தினேன்' என்பதை 'நிறுத்தப்பட்டது' ஆக்கினார். ஒரு காற்புள்ளி சேர்த்தார். கீழே பச்சை டிக் போட்டு, அடுத்த தாளை எடுத்தார்.

திங்கட்கிழமை முதலாளியின் அறையில் விசாரணை. இந்த விளக்கத்தைத் தான் ஏற்கவில்லை என்றார் பொறுப்பாசிரியர். முதலாளி தாளைத் திருப்பிக் காட்டினார்.

"இது உங்க டிக் தானே?"

"ஆமா சார். ஆனா..."

"டிக் விழுந்தா யாரும் தொடக்கூடாதுன்னு எனக்கே சர்க்குலர் அனுப்பியிருக்கீங்களே?"

கோப்பு மூடப்பட்டது. அனுமதி கொடுத்ததற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. நான் செய்யாத காரியம் அது. செய்த காரியம் அந்த இருபத்தெட்டு நிமிடம். அதற்கு இன்றுவரை எனக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

ரேவதியின் மேலதிகாரி இதைப் படிப்பாரானால் அவருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஆட்கள் உங்களைக் கேட்காமல் எதையெல்லாம் நிறுத்தலாம், எதையெல்லாம் மாற்றலாம் என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். மூன்று வரி போதும். எழுத ஒன்றுமே தோன்றவில்லை என்றால், நீங்கள் விமானத்தில் ஏறாமல் இருப்பது நல்லது.

அன்று முதலாளி அறையிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போனேன். இருளாண்டி பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

"அவரே டிக் போட்டாராண்ணே?"

"அவரேதான்."

"படிச்சுப் பாத்துட்டா போட்டாரு?"

"திருத்தித்தான் போட்டாரு" என்றேன்.